அத்தியாயம் 6: சுவரில் ஒரு மான் தலை

பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதும் பாகம் பிரிக்கும்போதும் பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் சில வீடுகளில் மான் தலையும் ஒன்று. தாத்தா சுட்டதாகவோ, தாத்தாவுக்கு யாரோ துரை கொடுத்ததாகவோ ஒரு கதையும் கூடவே இறங்கும். அதைத் துடைத்து, புது வார்னிஷ் அடித்து, புது ஹாலில் எந்தப் பாணியில் மாட்டலாம் என்று யோசிப்பவருக்காகவே இந்த அத்தியாயத்தின் முதல் பாதி. பிற்பாதி, அப்படி எதுவும் வீட்டில் இல்லாமல், ஆனால் மாடிப்படி வளைவில் ஒரு மான் தலை இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைப்பவருக்கு.

மூன்றாவதாக ஒருவர் இருக்கலாம்: உண்மையான மான் தலையைப் புதிதாக வாங்கிப் பாடம் செய்ய நினைப்பவர். அவருக்கு இங்கே வழி கிடையாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும் மான் வேட்டையை அடியோடு நிறுத்திவிட்டன. வெளிநாட்டு நூல்களில் பக்கம் பக்கமாக வரும் ‘எந்தப் பாணியில் பாடம் செய்வது’ என்ற பேச்சு நம் ஊரில் இரண்டு கேள்விகளாகச் சுருங்குகிறது. இருப்பதை எப்படிக் கெடாமல் வைப்பது? இல்லாததை எதில் செய்துகொள்வது?

## முதலில் காகிதம், பிறகுதான் துடைப்பம்

சட்டத்தின் கண்ணில் பாடம் செய்த தலை, தோல், கொம்பு எல்லாம் ஒரே வகைதான். கொம்பு மட்டும் பலகையில் இருந்தாலும் ‘வெறும் கொம்புதானே’ என்று விட முடியாது. கையில் உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று தேடுவதுதான் முதல் வேலை.

1. பழைய பத்திரப் பெட்டி, பீரோவின் ரகசிய அறை, தாத்தாவின் துப்பாக்கி லைசென்ஸ் இருந்த உறை ஆகிய மூன்றையும் பாருங்கள். சான்றிதழ் பெரும்பாலும் துப்பாக்கிக் காகிதங்களோடுதான் கிடக்கும்.

2. சான்றிதழ் கிடைத்தால் அதில் உள்ள விவரத்தையும் பொருளையும் ஒப்பிடுங்கள். பலகையின் பின்புறத்திலோ கொம்பின் அடியிலோ வனத்துறையின் அடையாளக் குறி இருக்கலாம். அதைச் சுரண்டுவதும் மேலே பெயின்ட் அடிப்பதும் தனிக் குற்றம். வார்னிஷ் அடிக்கும் ஆசாரியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

3. சான்றிதழ் தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோ இருந்து, பொருள் வாரிசாக உங்களுக்கு வந்திருந்தால், வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கோ அவர் அதிகாரம் அளித்த அலுவலருக்கோ எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டால் யாரிடம் கொடுப்பது என்று சொல்வார்கள். நகலில் முத்திரையுடன் ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

4. சான்றிதழே இல்லையென்றால் நிலைமை வேறு. 2003இல் 180 நாள் அவகாசம் கொடுத்து, கணக்கில் வராததையெல்லாம் அறிவிக்கச் சொன்னார்கள். அந்த வாய்ப்பும் போனபின் பரணில் கிடப்பதை என்ன செய்வது என்பதை ஒரு வழக்கறிஞரோடு பேசி, அவர் மூலமாகவே வனத்துறைக்குப் போங்கள். இதில் சுய வைத்தியம் வேண்டாம்.

5. வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால், 2022 திருத்தத்துக்குப் பிறகு வழி எளிது. சான்றிதழ் உள்ளவர் ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பொருளை ஒப்படைக்கலாம். சான்றிதழ் ரத்தாகும், பணம் எதுவும் கிடைக்காது.

பலரும் செய்யும் தவறுகள். காயலாங்கடையில் எடைக்குப் போடுவது. இணையத்தில் ‘ஆன்டிக்’ என்று படம் போட்டு விலை கேட்பது. விற்கவே கூடாது. சான்றிதழ் இருந்தாலும் விற்கக் கூடாது. விற்பனைக்கு என்று அறிவிப்பதும் விற்பதற்குச் சமம். பயந்துபோய் ஏரியில் வீசுவதும் கொல்லையில் எரிப்பதும் இன்னொரு ரகம். எரிப்பது ஏன் ஆபத்து என்பது கீழே வருகிறது.

கும்மிடிப்பூண்டிப் பகுதிக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். வேலை கும்மிடிப்பூண்டியில், வீடு தடாவிலோ சூலூர்பேட்டையிலோ என்று இருப்பவர்கள் ஏராளம். வீட்டுச் சாமானோடு மான் தலையையும் டெம்போவில் ஏற்றினால் அது மாநிலம் தாண்டுகிறது. அப்படிக் கொண்டுபோனால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அனுமதி இருக்கிறதா என்று பாராமல் லாரி சர்வீஸும் பார்சல் ஆபீஸும் அதை ஏற்கக் கூடாது. ஏற்றிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். செக்போஸ்ட்டில் நின்று விளக்குவதைவிட முதலிலேயே ஒரு கடிதம் கொடுத்துவிடுவது எளிது.

## என்ன மான் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அறிவிப்பில் இனத்தின் பெயர் எழுத வேண்டும், அதற்காகத்தான். ‘மான்’ என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்புவார்கள்.

கிளை பிரிந்த கொம்பு என்றால் மான் குடும்பம். ஒவ்வொரு கொம்பிலும் மூன்று கிளை இருந்து, தண்டு ஓரளவு வழவழப்பாக வளைந்து, நெற்றிக்கு மேலே வரும் முதல் கிளை தண்டோடு கிட்டத்தட்டச் செங்கோணத்தில் நின்றால் புள்ளிமான். அதே மூன்று கிளை, ஆனால் தண்டு தடித்து, மேற்பரப்பு சொரசொரப்பாக, முதல் கிளை குறுங்கோணத்தில் மேல்நோக்கி எழுந்தால் கடமான். தெற்கே இதை மிளா என்பார்கள். விரல் நீளக் கொம்பு உயரமான எலும்புக் காம்பின் மேல் உட்கார்ந்திருந்தால் கேளையாடு.

கிளையே இல்லாமல், வளையம் வளையமாக முறுக்கி எழும் கருங்கொம்பு என்றால் அது மானே அல்ல, இரலை வகை. நம் பக்கத்தில் கலைமான், வெளிமான் என்று சொல்வது இதைத்தான். இது சட்டத்தின் முதல் அட்டவணையில் வரும் விலங்கு, ஆகவே தண்டனையும் கடுமை: குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஏழு ஆண்டு சிறை. சந்தேகமிருந்தால் கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானையும் வெளிமானையும் உயிரோடு பார்த்து ஒப்பிடலாம். பாடம் செய்த உருவங்களை அருகில் நின்று பார்க்க எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது.

பலகையின் பின்புறத்தில் கிழிந்த லேபிள் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தென்னிந்தியாவில் இந்தத் தொழிலில் பெரிய பெயர் மைசூரின் வான் இங்கன் & வான் இங்கன். 1999இல் மூடப்பட்ட அந்த நிறுவனத்தில் தலைக்கு உள்ளே வைக்கும் உருவத்தைக் காகிதக் கூழை அச்சில் வார்த்துச் செய்தார்கள். அதனால் அவை இலேசாக இருக்கும், தண்ணீர் பட்டால் உள்ளே ஊறிப்போகும். லேபிளைப் பிய்க்காதீர்கள், படம் எடுத்து வையுங்கள்.

## எந்த வடிவம் நம் ஊருக்குத் தாங்கும்

பழைய மான் தலைகள் பொதுவாக நான்கு வடிவங்களில் வரும். எது அழகு என்பது உங்கள் விருப்பம். எது தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது பழவேற்காட்டிலிருந்து வரும் உப்புக்காற்றும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் தூசும்தான்.

கேடயப் பலகையில் கொம்பு மட்டும். மண்டையோட்டின் மேல்பகுதியோடு கொம்பை வெட்டி, தேக்குப் பலகையில் திருகி வைத்தது. வெட்டிய இடத்தை வெல்வெட்டோ தோலோ மூடியிருக்கும். இது மானின் கொம்பு என்றால் வெறும் எலும்பு; பூச்சி அரிக்காது, எலிதான் கடிக்கும். கடற்கரைத் தாலுகாக்களில் இதைவிட நிம்மதியான வடிவம் இல்லை. வெளிமானின் கொம்பு அப்படியல்ல. எலும்பின் மேல் நகத்தைப் போன்ற உறை போட்டது, பூச்சி துளைக்கும்.

முழு மண்டையோடு. தோலில்லாமல் மூக்கெலும்புவரை வெள்ளையாக இருப்பது. ஐரோப்பாவில் இதுவே பெரும்பான்மை. இங்கே குறைவு. பராமரிப்பு எளிது, ஆனால் மூக்கின் மெல்லிய எலும்புகள் தொட்டால் உடையும்.

கழுத்தோடு தலை. எல்லோர் மனத்திலும் இருக்கும் ‘மான் தலை’ இதுதான். இதற்குத்தான் வேலை அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர்வரை தோல் ஈரத்தை வாங்கி உப்பும். ஏப்ரல், மே மாதங்களில் காய்ந்து சுருங்கும். ஆண்டுக்கு ஆண்டு இப்படி நடக்கும்போது முதலில் கண்ணோரத்திலும், பிறகு காது நுனியிலும், கடைசியில் தாடையின் தையலிலும் விரிசல் விடும். ஏ.சி. அறை நல்லதுதானே என்று கேட்பார்கள். இரவு மட்டும் ஓடி பகலில் நிற்கும் ஏ.சி. அதே சுருக்கத்தையும் உப்பலையும் தினமும் செய்கிறது. அதைவிட ஜன்னல் திறந்த நிழலான அறை மேல்.

முழு உடல். வீட்டில் இருந்தால் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் வைக்காதீர்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கழுத்தோடு இருக்கும் தலை மிகவும் சிதைந்துவிட்டது, தோலை உரித்துவிட்டுக் கொம்பை மட்டும் பலகையில் மாற்றிக்கொள்ளலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். நீங்களாகச் செய்யாதீர்கள். சான்றிதழில் இருப்பது ‘கழுத்தோடு தலை’. உங்கள் சுவரில் இருக்கப்போவது ‘கொம்பு’. அடுத்த சோதனையில் இரண்டும் பொருந்தாது. வனத்துறைக்கு எழுதி, பதில் வந்த பிறகே மாற்ற வேண்டும். அந்த வேலையைத் தொழிலாகச் செய்பவருக்கும் உரிமம் வேண்டும். பாடம் செய்வது உரிமம் தேவைப்படும் தொழில் என்று அதே சட்டம்தான் சொல்கிறது. ‘எனக்குத் தெரிந்த ஆள் செய்வார்’ என்று யாராவது சொன்னால், உரிமத்தின் நகலைக் கேளுங்கள். மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் ஒரு பாடம் செய்யும் மையம் இயங்குகிறது. அதுவும் இறந்த விலங்குகளை அனுமதியோடு பதப்படுத்தத்தான்.

சிதைந்த தலைக்கு என் பரிந்துரை, கண்ணாடி முகப்புள்ள ஆழமான மரப்பெட்டி. பொருளில் கை வைக்காமல், தூசும் பூச்சியும் குழந்தைகளின் கையும் ஒரே வேலையில் விலகிவிடும். பெட்டியின் அடியில் கொசுவலை ஒட்டிய இரண்டு காற்றுத் துளை விடுங்கள். முழுக்க அடைத்தால் மழைக்காலத்தில் உள்ளேயே பூஞ்சை கட்டும்.

## தொடுமுன்: இதில் பாஷாணம் இருக்கலாம்

பழைய நாளில் தோலைப் பூச்சியிடமிருந்து காக்க ஆர்செனிக் கலந்த சோப்பைத் தோலின் உட்புறம் பூசினார்கள். பாதரச உப்பும் டி.டி.டி.யும்கூடப் புழங்கின. ஆர்செனிக் ஆவியாகிப் போவதில்லை. நூறு வருடம் கழித்தும் தையலின் விரிசல் வழியாகத் தூளாக உதிரும். கண்ணோரத்திலும் காதின் அடியிலும் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது உப்பாகவும் இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம், பாஷாணமாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. பழைய தலை எதுவானாலும் பாஷாணம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கீழ்க்கண்டவை இல்லாமல் பரணிலிருந்து இறக்கவே வேண்டாம்: நைட்ரைல் கையுறை, என்-95 முகமூடி, கண்ணாடி, துவைத்துப்போடக்கூடிய பழைய முழுக்கைச் சட்டை. துணி முகமூடி போதாது. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். வேலை முடியும்வரை டீ, வெற்றிலை, பீடி எதுவும் கிடையாது.

எரிக்கக் கூடாது என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஆர்செனிக் புகையாகி எழும்.

## சுத்தம் செய்யும் வரிசை

1. காற்றில்லாத நேரம் பார்த்து, நிழலான திறந்த இடத்தில் பழைய பாலிதீன் விரிப்பின் மேல் வையுங்கள். வெயில் கூடாது. காலை ஏழு மணிக்குள் என்றால் நல்லது, கடல்காற்று கிளம்பியிருக்காது.

2. நான்கு பக்கமும் பின்புறமும் படம் எடுங்கள். விரிசல், கிழிசல், அடையாளக் குறி ஆகியவற்றை அருகில் வைத்து எடுங்கள். பின்னால் யாராவது ‘நீங்கள் மாற்றிவிட்டீர்கள்’ என்றால் காட்ட இது உதவும்.

3. தூசு எடுக்க ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் மட்டுமே சரி. சாதாரண வாக்குவம் நுண்தூளை முன்னால் உறிஞ்சிப் பின்னால் ஊதிவிடும். குழாயின் வாயில் ஒரு கொசுவலைத் துண்டைக் கட்டி, குறைந்த வேகத்தில், மயிர் படியும் திசையிலேயே மூக்கிலிருந்து கழுத்துக்கு வாருங்கள். வாக்குவம் இல்லையென்றால் நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் அதே திசையில் ஒற்றி எடுங்கள். துடைப்பம், பெயின்ட் பிரஷ், தட்டுவது, ஊதுவது எதுவும் கூடாது.

4. கண்ணாடிக் கண்களைப் பஞ்சு சுற்றிய குச்சியால், நுனி மட்டும் ஈரமாக, துடைக்கலாம். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பூச்சு இருக்கும், அதைத் தொடாதீர்கள். ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம்.

5. கொம்பைப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் உண்டு. நம் பகுதியில் அது மகா தவறு. உருக்காலைப் பக்கமிருந்து வரும் கரிய தூசு எண்ணெயில் ஒட்டி, ஒரு வருடத்தில் அகற்ற முடியாத பசையாகிவிடும்.

6. பயன்படுத்திய துணி, கையுறை, விரிப்பு ஆகியவற்றை இரட்டைப் பையில் கட்டி, ‘நச்சுத்தூள்’ என்று எழுதி, தீங்கான வீட்டுக் கழிவாகத் தனியே கொடுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அபாயக் கழிவுக்கென்றே ஒரு கிடங்கு இருக்கிறது. ஆனால் அது ஆலைகளுக்கு. உங்கள் ஒரு பையை அங்கே வாங்க மாட்டார்கள். உள்ளாட்சியின் தூய்மைப் பணி மேற்பார்வையாளரிடம் கேட்பதே நடைமுறை.

7. போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள். குளித்த பிறகு சாப்பிடுங்கள்.

பூச்சி இருந்தால்: தலைக்குக் கீழே சுவரோரம் பழுப்பு நிறத்தில் மயிர் முளைத்த சின்னக் கூடு உதிர்ந்து கிடந்தால், தோல் தின்னும் வண்டின் புழு உள்ளே இருக்கிறது. அருங்காட்சியகங்களில் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் ஓரிரு வாரம் உறைய வைக்கிறார்கள். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் அந்தக் குளிரைத் தொடாது. தொட்டாலும் சாப்பாட்டுப் பொருளோடு வைக்கக் கூடாது. மீன் ஏற்றுமதிக் குளிர்கிடங்கில் தெரிந்தவர் இருக்கிறார் என்று கொண்டுபோக நினைக்காதீர்கள், அங்கே இருப்பது ஊருக்குப் போகும் உணவு. ரசகற்பூர உருண்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போடுவதும் வேண்டாம். அதன் ஆவி பழைய வார்னிஷையும் பிளாஸ்டிக் பாகங்களையும் இளக்கும்.

## மாட்டும் இடம், மாட்டும் முறை

மேற்குப் பார்த்த வெளிச்சுவர், குளியலறைக்குப் பின்சுவர், பூஜை அறைக்கு எதிர்ச்சுவர் மூன்றும் தள்ளுபடி. முதலாவதில் சூடு, இரண்டாவதில் ஈரம், மூன்றாவதில் எண்ணெய்ப் புகை. உள்சுவர்தான் சரி. கொம்பின் நுனி சீலிங் ஃபேன் இறக்கையிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளி இருக்கட்டும். நடைபாதையில் மாட்டினால் கொம்பின் மிகத் தாழ்ந்த நுனி ஆறரை அடிக்கு மேலே இருக்க வேண்டும். கண் உயரத்தில் மாட்டுவது படத்தில் அழகாக இருக்கும், இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தவருக்கு ஆபத்து.

புது வீடுகள் பெரும்பாலும் சாம்பல் செங்கல்லிலோ இலேசான ஏ.ஏ.சி. பிளாக்கிலோ கட்டியவை. இரண்டையும் ஒரே மாதிரி துளைக்கக் கூடாது. சாம்பல் செங்கல்லில் சாதாரண 8 மி.மீ. ராவல் பிளக் பிடிக்கும். ஏ.ஏ.சி.யில் அதே பிளக் முதல் நாள் பிடிக்கும், ஆறு மாதத்தில் சுவரோடு வரும். அதற்கென்றே சுருள்மரை உள்ள நைலான் பிளக் கிடைக்கிறது. ஹார்டுவேர் கடையில் ‘ஏ.ஏ.சி. பிளக்’ என்று கேளுங்கள்.

ஒற்றை ஆணியில் தொங்கவிடுவதைவிட, சாய்வாக அறுத்த இரண்டு மரச்சட்டங்கள் மேல்.

1. 18 மி.மீ. பிளைவுட்டில் ஓர் அடி நீளச் சட்டத்தை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வில் இரண்டாக அறுக்கச் சொல்லுங்கள்.

2. ஒரு பாதியைச் சாய்வு மேல்நோக்கிச் சுவர்ப்பக்கம் இருக்குமாறு, மட்டம் பார்த்து, மூன்று இடத்தில் சுவரில் திருகுங்கள்.

3. மறுபாதியைத் தலைகீழாக மான்தலைப் பலகையின் பின்னால், அடையாளக் குறியையும் லேபிளையும் மறைக்காமல், குட்டைத் திருகுகளால் பொருத்துங்கள். பலகையின் கனத்தையும் சட்டத்தின் கனத்தையும் கூட்டி, அதைவிடக் குட்டையான திருகு எடுங்கள்.

4. சட்டத்தின் கனத்துக்கே ஒரு சின்னக் கட்டையைப் பலகையின் அடியில் ஒட்டுங்கள். பலகை நேராக நிற்கும். பின்னால் காற்றும் ஓடும்.

5. மாட்டுவதற்கு முன் சோதனை. தலையின் எடையைப்போல் இரண்டு மடங்கு அரிசியைப் பையில் கட்டிச் சட்டத்தில் ஒரு நாள் தொங்கவிடுங்கள். அசையாவிட்டால் மாட்டுங்கள்.

திருகு எல்லாம் 304 ரக எஸ்.எஸ். ஆக இருக்கட்டும். சாதாரண இரும்புத் திருகு பொன்னேரிக்குக் கிழக்கே இரண்டு மழைக்குத் தாங்காது. துருக்கறை சுவரிலும் வழியும்.

## புதிதாக வேண்டுமா? பேலட் மரத்தில் செய்யுங்கள்

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை, காக்களூர் பக்கம் குடியிருப்பதில் ஒரு லாபம் உண்டு. இயந்திரங்கள் வந்திறங்கிய பைன் மரப் பெட்டிகளும் பேலட்டுகளும் பழைய மரக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும். மான் தலைக்கு இதைவிட நல்ல சரக்கு தேவையில்லை.

வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படத்துக்குப் பக்கத்தில் ‘எச்.டி.’ என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம், எடுக்கலாம். ‘எம்.பி.’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது, விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாததையும், எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை உள்ளதையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

### முதலில் நிலை

பாடம் செய்பவர்கள் நிலை பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள். அந்தப் பழக்கத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தலை நிமிர்ந்து, கழுத்து செங்குத்தாக நிற்கும் நிலை, எதையோ கேட்டுத் திடுக்கிட்ட மான். உயரமான கூரையும் அகலச் சுவரும் உள்ள ஹாலுக்கு இது. எட்டரை அடிக் கூரையுள்ள அடுக்குமாடி வீட்டில் கொம்பு கூரையை முட்டுவதுபோலத் தெரியும். கழுத்தைப் பாதி தாழ்த்தி முன்னே நீட்டிய நிலை பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். எதை எடுப்பது என்று குழம்பினால் இதையே எடுங்கள். கழுத்து தோளுக்குச் சமமாகத் தாழ்ந்த நிலை மாடிப்படிக்கு. கீழிருந்து ஏறுபவர் முகத்தை நேராகப் பார்க்க முடியும்.

பிறகு திரும்பும் பக்கம். வாசலில் நுழைந்ததும் இடப்புறச் சுவரில் மாட்டுகிறீர்கள் என்றால் மான் தன் வலப்பக்கம், அதாவது வாசலை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். இதை யோசிக்காமல் செய்தால் வருபவர்களுக்கெல்லாம் பிடரியைக் காட்டும். செய்து முடித்தபின் திருப்ப முடியாது. ஆகவே அட்டையில் பக்கத்தோற்றத்தை முழு அளவில் வெட்டி, மாட்டப்போகும் இடத்தில் டேப்பால் ஒட்டி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். உங்களுக்கே பதில் கிடைக்கும்.

### செய்யும் வரிசை

1. பேலட்டைப் பிரித்து ஆணிகளை முழுக்கப் பிடுங்குங்கள். உடைந்து உள்ளே தங்கிய ஆணி ரம்பத்தின் பல்லை உடைத்து முகத்தில் தெறிக்கும். ஒரு காந்தத்தைப் பலகை நெடுகிலும் ஓட்டிப் பாருங்கள்.

2. முதுகெலும்புபோல நடுவில் நிற்கும் பக்கத்தோற்றப் பலகையை வெட்டுங்கள். சுவரிலிருந்து மூக்குவரை ஒன்றரை அடி போதும். நேர்நிலை மானுக்கு இந்த ஒரே பலகை. திரும்பிய மானுக்கு இதைக் கழுத்தின் நடுவில் இரண்டாக வெட்டி, தேவையான கோணத்தில் ஆப்பு வைத்துச் சேர்க்க வேண்டும்.

3. குறுக்கு விலாக்களைக் கழுத்தின் அடி, நடு, தாடை, கண், மூக்கு என்று ஐந்து இடத்துக்கு வெட்டுங்கள். பலகையில் பாதி ஆழமும் விலாவில் பாதி ஆழமும் காடி வெட்டி ஒன்றில் ஒன்றை இறக்குங்கள். காடி பலகைக் கனத்தைவிட ஒரு நூல் மட்டும் அகலமாக இருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் பைன் பிளந்துவிடும்.

4. இந்த எலும்புக்கூடே போதும் என்பவர் இங்கே நிறுத்தலாம். முழு உருவம் வேண்டுபவர் விலாக்களுக்கு மேல் மெல்லிய பட்டிகளை ஒட்டி, மேலே செய்தித்தாளும் மைதாப் பசையும் நான்கு அடுக்கு போடுங்கள். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்தால் கரப்பான் அண்டாது. சேர்த்தபின் அந்தப் பாத்திரத்தைச் சமையலறைக்குத் திருப்பாதீர்கள்.

5. கொம்புக்குச் சீமைக்கருவேலக் கிளை. ஏரிக்கரையெல்லாம் அதுதான். புள்ளிமானுக்கு வேண்டிய வளைவும் மூன்று கிளையும் தேடினால் கிடைக்கும். முள்ளை வெட்டும்போது தோல் கையுறை போடுங்கள். அந்த முள் குத்தினால் சீழ் பிடிக்கும். பட்டையைப் பச்சையாக இருக்கும்போதே உரித்து, நிழலில் இரண்டு மூன்று மாதம் காயவிடுங்கள். காயாமல் பொருத்தினால் துளைவண்டு விழுந்து தரையில் மாவு கொட்டும். காய்ந்ததும் போராக்ஸ் கரைத்த வெந்நீரை இருமுறை பூசுங்கள்.

6. இடதுக்கும் வலதுக்கும் ஒரே மாதிரிக் கிளை கிடைக்காது. அலைய வேண்டாம். உண்மையான மானுக்கும் இரண்டு கொம்பும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

7. உப்புத்தாள் போடும்போது முகமூடி கட்டாயம். கடைசியில் மேட் பூச்சு. பளபளக்கும் வார்னிஷ் மானைக் களிமண் பொம்மையாக்கிவிடும்.

காட்டோரச் சந்தையில் ‘தானாக உதிர்ந்தது சார்’ என்று உண்மையான கொம்பைக் காட்டினால் அதை இந்த மரத்தலையில் பொருத்தலாமே என்று தோன்றும். உதிர்ந்த கொம்பும் அரசாங்கத்தின் சொத்து. எடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

கடைசி வேலை, மாட்டுவதற்கு முன் பலகையின் பின்புறத்தில். ‘பைன் மரமும் சீமைக்கருவேலமும் கொண்டு செய்தது’ என்று எழுதி, தேதியும் உங்கள் கையெழுத்தும் போடுங்கள். செய்யும்போது எடுத்த இரண்டு படத்தைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு அங்கேயே ஒட்டுங்கள். நன்றாகச் செய்திருந்தால் என்றைக்காவது ஒருவர் சந்தேகப்பட்டுப் புகார் கொடுப்பார். வருகிற வனக்காவலருக்குப் பலகையைக் கழற்றித் திருப்பிக் காட்டிவிடலாம்.